பூச்சி எண்ணெய்

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி தந்த பூச்சி எண்ணெயைத் திறந்ததும், நான் வளர்ந்த மடத்து அநாதைச்சாலையின் நீண்ட விறாந்தை மணத்தது. வயிற்றில் பூச்சி இல்லாத பிள்ளையே அங்கே இல்லை. மாதமொருமுறை வெறுவயிற்றோடு வரிசையில் நின்று, அந்த எண்ணெய்த் துளிகள் விட்ட சீனித்தண்ணீரை ஆளுக்கொரு கோப்பை குடிப்போம்.

ஒருமுறை நான் ஓங்காளிக்க, "பயந்தாங்கொள்ளி, இஞ்ச தா" என்று என் கோப்பையையும் வரிசையில் பக்கத்தில் நின்ற லூசியாவே குடித்தாள்.

மத்தியானம், "காதுக்குள்ள கடல் இரையுதடி" என்றாள். நான் சிரித்தேன். மறுநாள் அவளைச் சேமக்காலையில் அடக்கினார்கள். அவள் குடித்தது இரண்டு கோப்பை என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இன்று துளிகளை எண்ணி, எண்ணிக்கை பிழைத்துவிட்டதோ என்று மறுபடியும் எண்ணித்தான் மகளுக்குக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில், "அம்மா, கடல் இரையுது" என்றாள்.

ஓடிப்போய் கடல் பக்கத்து யன்னலைத் திறந்தேன். கடல் குளம்போல அசையாமல் கிடந்தது.