முழங்காலுக்கு வைத்த நேர்த்தி

அன்றைக்கு எங்கள் வீட்டு வளவில் நின்றவர்கள் ஆறு பேர். நான், என் கணவர், மகள் வதனி, பக்கத்து வீட்டுத் தங்கமக்கா, அவருடைய மருமகள், மருமகளின் கைக்குழந்தை. 1991ஆம் ஆண்டு மாசி மாதம், காலை பத்து மணி இருக்கும். குண்டு போடுகிற பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் நான்கு பேர் பங்கருக்குள் இறங்கிவிட்டார்கள். வெளியே நின்றது நானும் வதனியும்.

என்னால் இறங்க முடியவில்லை. எங்கள் பங்கர், பனங்குற்றி அடுக்கி மண் மூட்டை போட்டு மூடிய குழி. வாசல் இடுப்பளவு உயரம்தான். குந்தி, முழங்காலை மடித்துத்தான் உள்ளே போகவேண்டும். எனக்கோ இரண்டு வருடமாக வலது முழங்கால் மடியாது. மடித்தால் கறகறவென்று சத்தம் கேட்கும், உயிர் போகும். வதனியைப் பிடித்துத் தள்ளினேன். அவள் அசையவில்லை.

"நீங்கள் இறங்கினாத்தான் நானும் இறங்குவன்."

குண்டு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வாழைத் தோட்டத்தில் விழுந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நான் எப்போதும் எதற்கும் பயப்படுகிறவள். கதவைப் பூட்டினேனா என்று மூன்று தரம் எழும்பிப் பார்க்கிறவள். அதற்குப் பிறகு ஒரே பயம்தான். என் காலால் என் பிள்ளை சாகப்போகிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் முருகன் கோயிலில் நின்று அழுதேன். காலைத் தா அப்பனே, பங்கருக்குள் இறங்குகிற அளவுக்காவது தா என்று கேட்டேன். தந்தால் வருகிற திருவிழாவில் பத்து நாளும் அடியழிப்பதாக நேர்ந்தேன். சுவாமி வீதி வலம் வரும்போது பின்னால் ஓரோர் அடிக்கும் முழங்காலில் விழுந்து, நெற்றி மண்ணில் படக் கும்பிட்டு எழும்பிப் போவதுதான் அடியழிப்பு. பெண்கள் வைக்கிற நேர்த்திகளில் அதைவிடக் கடினமானது எனக்குத் தெரியவில்லை. முழங்கால் வேண்டுமென்று கேட்டு, முழங்காலில் விழுகிற நேர்த்தியையே வைத்தேன். அதிலிருந்த பிழை அப்போது விளங்கவில்லை.

அடுத்த கிழமை கணவர் என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எண்ணெய், ஒத்தணம், பற்று எல்லாம் முன்பே செய்து பார்த்தாயிற்று. டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"எலும்புக்கு இடையிலை இருக்கிற மெத்தை தேய்ஞ்சு போச்சம்மா. தேய்ஞ்சது திரும்ப முளைக்காது. மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

மூட்டு மாற்றுகிற பேச்சு இப்போதைக்கு வேண்டாம் என்றார். குந்தக்கூடாது, முழங்காலில் நிற்கக்கூடாது, பாரம் குறைக்கவேண்டும், இடக்கையில் தடி பிடித்து நடக்கவேண்டும். நோவுக் குளிசை ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்குத்தான் கிடைத்தது. அதற்குமேல் ஆஸ்பத்திரியிலேயே மருந்து இருக்கவில்லை. பாரம் குறைக்கச் சொன்னதைக் கேட்டு என் கணவர் வழியெல்லாம் சிரித்தார். "சீனி இல்லை, எண்ணெய் இல்லை, மா இல்லை. உன்னை மெலிய வைக்கிறதுக்கு அரசாங்கமே சாமானை மறிச்சு ஏற்பாடு செய்துபோட்டுது."

உடற்பயிற்சி சொல்லித் தருகிற மிஸ் ஒருவர் அங்கே இருந்தார். முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி அழுத்தச் சொன்னார். பிறகு காலை நீட்டினபடி உயர்த்தவேண்டும். கொஞ்சம் பழகியதும் கணுக்காலில் சின்ன மண் பை கட்டி உயர்த்தவேண்டும். மிச்சமும் தேய்ந்துவிடாதா என்று நான் நாலு தரம் கேட்டேன். தொடை பலமாக இருந்தால் முழங்காலுக்குச் சுமை குறையும் என்று நாலு தரமும் பொறுமையாகச் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான், எண்ணிக்கை தடுமாறும். அதனால் பத்து எண்ணுவதற்குப் பதிலாகப் பத்துத் தரம் முருகா என்று சொன்னேன்.

நிலத்தில் இருந்து காய் வெட்டுவதை விட்டேன். கணவர் பழைய கதிரை ஒன்றில் ஓட்டை வெட்டிக் கக்கூசில் வைத்துத் தந்தார். பங்கர் வாசலை உயர்த்தி அகலமாக்கி, மண் மூட்டையால் மூன்று படி கட்டினார். உள்ளே இருப்பதற்கு ஒரு வாங்கும் போட்டார். வைகாசி மாதம் மறுபடி பொம்மர் வந்தபோது, வாசலில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். வதனி எனக்குப் பின்னால் வந்தாள். இருட்டில் அவள் கையைப் பிடித்து முருகனுக்கு நன்றி சொன்னேன்.

ஆனியில் திருவிழாவுக்குக் கொடியேறியது. டொக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் வேலியால் எட்டிப் பார்த்த தங்கமக்கா கேட்டார்:

"நேர்த்தி வைக்கேக்கை இருந்த வாய் எங்கை போட்டுது? கால் வந்தவுடனை டொக்டரோ உனக்குப் பெரிசு?"

வாக்குத் தவறப் பயந்தேன். வீட்டில் சொல்லாமல் போய் மூன்று நாள் அடியழித்தேன். நாலாம் நாள் காலை முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அன்று மத்தியானமே பொம்மர் வந்தது. என்னால் கட்டிலை விட்டு எழும்பவே முடியவில்லை. வதனி ஓடிவந்து என்மேல் கவிழ்ந்து படுத்தாள். குண்டுச் சன்னம் ஒன்று யன்னலால் வந்து அவள் முழங்கையைக் கிழித்தது. நாலு தையல் போட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து நான் நினைத்தது இதுதான். நேர்த்தியைப் பாதியில் விட்டேன், முருகன் பிள்ளையின் கையில் காட்டிவிட்டார்.

என் காலில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். இரண்டு கிழமை கிடந்தேன். நடக்க முடிந்ததும் கோயில் ஐயரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். மிச்ச ஏழு நாளையும் எப்படி முடிப்பது என்று கேட்டேன். அவர் பூத் தட்டை வைத்துவிட்டு வந்தார்.

"அம்மா, நீங்கள் முருகனிட்டை என்ன கேட்டனீங்கள்?"

"முழங்காலை."

"தந்தவரோ?"

"ஓம், தந்தவர்."

"பிறகேன் அதைக் கொண்டுவந்து அவரின்ரை வீதியிலை போட்டு உடைக்கிறியள்?"

அப்படியானால் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று கேட்டேன். அதை நீங்களே அவரோடு போய்க் கதையுங்கோ, இடையில் நின்று விலை பேச என்னால் முடியாது என்றார்.

போய்க் கதைத்தேன். நின்றபடிதான். விளக்கு அசையவில்லை, பூ விழவில்லை. எனக்கு ஒரு அடையாளமும் கிடைக்கவில்லை. பயம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிள்ளையை அடிக்கிற தெய்வத்திடம் நான் காலைக் கேட்டிருக்கமாட்டேன் என்று யோசித்தேன். வெளியே வந்தபோது, அடியழிக்கையில் கூரான கற்கள் என் நெற்றியில் குத்தியது நினைவு வந்தது.

துவாயைச் சுருட்டி முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை நேர்த்தியைப் பற்றி மிஸ்ஸுக்கும் சொன்னேன். முதலே சொல்லியிருக்கலாமே என்று ஏசினார். 1992 திருவிழாவில், சுவாமி வெளியே வருமுன் பத்து நாளும் நீட்டுத் தும்புத்தடியால் வீதியின் கல்லையும் முள்ளையும் கூட்டினேன். பின்னால் வருகிற பெண்களின் நெற்றிக்கு நல்ல மண் வேண்டும். தங்கமக்கா முதல் நாள் முகத்தைத் திருப்பினார். மூன்றாம் நாள் தானும் ஒரு தும்புத்தடியோடு வந்தார். இப்போதும் ஒவ்வொரு வருடமும் கூட்டுகிறேன்.

என் முழங்கால் புதிதாகவில்லை. மழைக்கு நோகிறது, படியில் சத்தம் போடுகிறது. ஆனால் நடக்கிறேன், இறங்குகிறேன். நோயோடு இருக்கிற சகோதரிகளே, பயமில்லாமல் அவனிடம் கேளுங்கள். டொக்டரின் வாயாலோ மிஸ்ஸின் வாயாலோ பதில் வந்தால், அதையும் அவன் சொன்னதாக எடுத்துச் செய்யுங்கள். தந்ததை நோகாமல் வைத்திருப்பதும் கும்பிடுவதுதான்.

சண்டை இன்னும் ஓயவில்லை, சென்ற மாசியிலும் பொம்மர் வந்தது. நான் அடுப்படியிலிருந்து தடியை ஊன்றி வந்தேன். வதனி முற்றத்தில் நின்றாள். நான் இறங்குவேனோ என்று திரும்பிப் பார்க்கவே இல்லை, நேராகப் பங்கருக்குள் இறங்கிப் போனாள்.