பொன்னாடைத் தட்டு

இன்று எங்கள் திருச்சபையில் ஊழியர்களைக் கௌரவித்தார்கள். அதாவது, கமிட்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள்.

ஆறு நாள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, ஞாயிறன்று பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்தும் எஸ்தர் அக்கா, பொன்னாடைத் தட்டை ஏந்தி நின்றார்.

"அக்காவுக்கு?" என்று செயலாளரிடம் கேட்டேன்.

"அவுகளுக்குப் பரலோகத்துல கிரீடம் இருக்கும்மா."

அக்கா தட்டைக் கீழே வைத்தார். "அதுவரைக்கும் பிள்ளைக வெறுந்தரையிலயா உக்காரும்? ரெண்டு பாய் கேட்டு ஒரு வருசமாச்சு. பாய் வந்தாச் சொல்லி விடுங்கய்யா, வாரேன்."

போயேவிட்டார்.

என் இடுப்பை விட்டு இறங்காத மகள் அவர் மடியில் மட்டும்தான் உட்காருவாள். அடுத்த ஞாயிறை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

அக்கா போனதுமே செயலாளருக்கும் கவலைதான். "மிச்சப் பொன்னாடைக்குத் தட்டை யார் பிடிக்க?" என்று தேடிக்கொண்டிருந்தார்.

உங்கள் சபையில் யார் பிடிக்கிறார்கள்?