இரண்டு மில்லிமீட்டர்

காலை ஏழே முக்காலுக்கு அவள் கண்ணில் அந்தக் கோடு பட்டது. ரத்தக்குழாயின் ஓரத்தில் இருக்க வேண்டிய கோடு, குழாய்க்கு வெளியே கிடந்தது. ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர், மறுபக்கம் ஒரு மில்லிமீட்டர். ஒன்பது மணிக்கு அந்தக் குழந்தைக்கு ஆபரேஷன்.

ஆஸ்பத்திரியில் அவளை ரப்பர் என்று கூப்பிடுவார்கள். ஸ்கேன் படங்களில் இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் ஒவ்வொரு படமாகப் பார்த்து ஓரம் வரைவது அவள் வேலை. வரைவதைவிட அழிப்பதுதான் அதிகம் என்பதால் அந்தப் பெயர். அவள் வரைந்த கோடுகள் எல்லாம் சேர்ந்து கம்ப்யூட்டருக்குள் ஒரு குழாய் வடிவம் ஆகும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, உள்ளே ரத்தத்தை ஓட்டிக் கணக்குப் போடுவார். ஓட்டுவதால் அவர் டிரைவர். ஜன்னல் இல்லாத அந்த அறையில் இந்த இரண்டு பேர்தான்.

அவள் படித்தது தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர்க் குழாய் அமைக்கும் படிப்பு. "குழாய் வேலைக்குப் படிச்சவளுக்கு ஆஸ்பத்திரியில என்னடி வேலை?" என்று அவள் அம்மா இன்னும் கேட்பாள். "இதுவும் குழாய்தாம்மா. என்ன, சின்னது" என்பாள் இவள்.

இந்தக் குழந்தைக்கு நான்கு வயது. பிறக்கும்போதே இதயத்தில் பாதி வளரவில்லை. மேல் உடம்பின் ரத்தத்தை நேராக நுரையீரலுக்கு அனுப்பும் ஆபரேஷன் முன்பே முடிந்திருந்தது. இன்று கீழ் உடம்பின் ரத்தத்தையும் ஒரு செயற்கைக் குழாய் வழியாக அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த ரத்தம் கல்லீரலிலிருந்து வருவது. அது இரண்டு நுரையீரலுக்கும் போயாக வேண்டும். ஒன்றுக்குப் போகாவிட்டால், நாளடைவில் அந்த நுரையீரல் கெட்டுக் குழந்தை மறுபடி நீலம் பாரிக்கும். குழாயை எங்கே வைத்தால் ரத்தம் சரியாகப் பிரியும் என்று முன்கூட்டியே பார்க்கத்தான் இந்தக் கணக்கு. வலப்பக்கம் தள்ளி வைத்தால் சரிபாதியாகப் பிரியும் என்று நேற்று எழுதிக் கொடுத்தாயிற்று.

"டிரைவர், இங்க வாங்க. சீக்கிரம்."

அவர் டீ டம்ளரோடு வந்தார். படத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இடது நுரையீரல் குழாய்ல இடுக்கு இருக்கே! நேத்து இது எங்க போச்சு?"

"நான்தான் தேய்ச்சிட்டேன்."

கையால் வரைந்த கோடு கரடுமுரடாக இருக்கும். கம்ப்யூட்டருக்கு அது பிடிக்காது. அதனால் கடைசியில் மரத்துக்கு இழைப்புளி போடுவதுபோலச் சுவரைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பெரியவர் குழாய்க்கு நாற்பது தடவை தேய்க்கலாம். குழந்தைக்குப் பத்துக்கு மேல் கூடாது. முந்தின நாள் ஒரு பெரியவரின் படம் பார்த்திருந்தாள். அந்த நாற்பது அப்படியே இருந்துவிட்டது. நாலரை மில்லிமீட்டர் இடுக்கு தேய்ந்து தேய்ந்து ஆறரை ஆகிவிட்டது. கோட்டைப் படத்தின்மேல் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் எழுதிக் கொடுப்பது அவள் வழக்கம். இந்த வாரம் தலைக்கு மேல் வேலை. முதலில் கொடுத்துவிட்டு இப்போதுதான் சரிபார்க்கிறாள்.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி ஓடினாள்.

சர்ஜன் கை கழுவும் இடத்துக்கு வெளியே நின்றிருந்தார்.

"டாக்டர், நேத்து கொடுத்த கணக்கு தப்பு."

"தப்புன்னா?"

"இடது குழாய்ல இடுக்கு இருக்கு. என் படத்துல அது விழல. தப்பு என்னோடது."

அவர் சத்தம் போடவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. "நேத்து ஒண்ணு சொல்றீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. திறந்து பார்த்தா எனக்கே தெரியாதா?"

"ரத்தத்தை எடுத்துட்டா குழாய் தட்டையாப் படுத்துக்கும் டாக்டர். பழைய ஆபரேஷன் தழும்பு வேற. இடுக்கு எவ்வளவுன்னு கண்ணுக்குத் தெரியாம போகலாம்."

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த கேஸ் சின்னது. அதை முதல்ல எடுக்கறேன். பன்னண்டு மணி வரைக்கும் உங்களுக்கு. அதுக்கு மேல இந்தப் பிள்ளைக்கு இன்னும் மூணு வாரம் கழிச்சுத்தான் இடம். அதோட உதட்டைப் பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தாள். நாவல்பழம் தின்ற உதடு மாதிரி இருந்தது.

திரும்பும்போது வார்டு வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. குழந்தை அப்பா தோளில் கிடந்து "பிஸ்கட்டு, பிஸ்கட்டு" என்று அழுதது. கையில் ட்ரிப்ஸ் ஊசி. விடிந்ததிலிருந்து பட்டினி. அப்பா பஸ் பட்டறையில் மெக்கானிக். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருந்தது.

"மேடம், ஒம்பது மணின்னாங்க, ஏன் தள்ளிப் போட்டாங்க? பிள்ளை துடிக்குதே."

அவசரம் என்று சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவள் நின்றாள்.

"என்னாலதான் அண்ணா. உங்க பொண்ணு படத்துல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். திரும்பப் போடணும்."

அவர் முகம் மாறியது. "தப்புன்னா என்னம்மா அர்த்தம்? நான் பிரேக்கைத் தப்பா மாட்டிட்டு, வண்டி கிளம்புற நேரத்துல வந்து சொல்லலாமா?"

"பன்னண்டுக்குள்ள வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

இடது குழாயை மறுபடி வரைந்தாள். இந்த முறை பத்தே தடவை தேய்த்தாள். கோட்டைப் படத்தின்மேல் வைத்து, ஒவ்வொரு படமாக டிரைவரையும் பார்க்கச் சொன்னாள். இரண்டு கணக்குகள் ஓட வேண்டும். ஒன்று பழைய திட்டம். இன்னொன்று, இடுக்கைத் திறந்து ஒட்டுப் போட்டு, செயற்கைக் குழாயை இடப்பக்கம் தள்ளி வைக்கும் திட்டம். ஒன்பதரைக்கு ஓட்டம் தொடங்கியது.

பத்தே காலுக்குத் திரை சிவந்தது.

"வெடிச்சிருச்சு" என்றார் டிரைவர். இடுக்கு வழியாக ரத்தம் பாயும் இடத்தில் எண்கள் தாறுமாறாக ஏறிக் கணக்கு நின்றுபோயிருந்தது.

"இடுக்குல கட்டம் போதல. அந்த இடத்துல மட்டும் பொடிசாப் போடுங்க."

"போட்டா நேரம் ஆகும் ரப்பர்."

"மத்த இடத்துல பெருசாக்குங்க. மேல் ரத்தக்குழாய் முழுக்க இவ்வளவு பொடிசு எதுக்கு? நாம என்ன கண்காட்சியா வைக்கப் போறோம்?"

அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. ஓட்டம் மறுபடி தொடங்கியது. பழைய திட்டம் ஓடிய திரையில் நீலப் புள்ளிகள் கீழிருந்து ஏறி, இரண்டு பக்கமும் பிரிந்தன. அவை கல்லீரல் ரத்தம். அவள் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளிகள் இடுக்கு வரை வந்து, கதவு திறக்காத கூட்டம்போல நின்று, சுழன்று, வலப்பக்கம் போயின.

பதினொன்று ஐம்பதுக்குக் கணக்கு முடிந்தது. பழைய திட்டத்தில் இடது நுரையீரலுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. புதியதில் நாற்பத்து நான்கு.

சர்ஜன் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். "இந்தத் தடவை கோட்டைச் சரிபார்த்தீங்களா?"

"ரெண்டு பேரும் பார்த்தோம் டாக்டர்."

"ஒட்டு எவ்வளவு நீளம்?"

"பதினெட்டு மில்லிமீட்டர்."

அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். குழந்தையின் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. அவள் மாடிக்குப் போகத் திரும்பினாள்.

"எங்க போற?" அப்பாவின் குரல். இப்போது மேடம் இல்லை. "இப்பச் சரியாப் போட்டாச்சா?"

"சரியாப் போட்டாச்சு அண்ணா."

"அப்ப இங்கயே உக்காரு. என் பொண்ணு வெளிய வர்ற வரைக்கும்."

உட்கார்ந்தாள். ஒரே பெஞ்சு, நடுவில் ஓர் ஆள் இடைவெளி. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. கதவு அசையும்போதெல்லாம் இருவர் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. அவள் மனதில் ஒரே கேள்விதான். இடுக்கு என்று அவள் பார்த்தது நிழலாக இருந்தால்? இல்லாத நோய்க்குக் குழந்தையின் குழாயைக் கிழிக்கச் சொல்லியிருந்தால்?

ஐந்தே காலுக்கு சர்ஜன் வந்தார். முதலில் அப்பாவிடம் பேசினார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இடுக்கு இருந்தது. அளவுக் கம்பி அஞ்சு மில்லிமீட்டர் போகல, நாலுதான் போச்சு. திறந்து ஒட்டுப் போட்டாச்சு. எக்கோவுல ரெண்டு பக்கமும் ஓட்டம் தெரியுது." ஓரடி வைத்தவர் நின்றார். "தப்பு எப்படி நடந்ததுன்னு நாளைக்கு எழுதிக் கொடுங்க. உங்க பேரோட."

"சரிங்க டாக்டர்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கியது. மெஷினில் தொண்ணூற்று மூன்று என்று ஒளிர்ந்தது. அப்பா அதையே பார்த்தார்.

"அது என்ன நம்பர்?"

"ரத்தத்துல ஆக்ஸிஜன். காலைல எழுபத்தெட்டு இருந்தது."

"இதுவும் உன் கணக்கா?"

"இல்ல அண்ணா. இது உங்க பொண்ணோட சொந்தக் கணக்கு."

அவர் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"காலைலேர்ந்து நீயும் ஒண்ணும் சாப்பிடல. போய்ச் சாப்பிடும்மா. எனக்கு உன்மேல கோவம் இன்னும் போகல."