பகலில் சாத்திய கதவு

பச்சை பெயிண்ட் அடித்த ஒற்றை மரக்கதவு. அதன் மேல்மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதை ஒட்டியவள் நான். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்ற வீட்டுக்காரர், “கோணலாத் தெரியுது பாப்பா” என்று சொல்லிச் சொல்லி மூன்று தடவை கழற்றி ஒட்டவைத்தார். ரெட்டிபாளையத்தில் அவரை எல்லோரும் ஆப்பரேட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சிமெண்டு ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் மீட்டர் முட்களைப் பார்த்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் பஹ்ரைனில் நர்ஸ். தனியாக இருக்கும் அப்பாவை யாராவது கவனித்துக்கொண்டால் போதும் என்று அந்த மகள்தான் என் ஆய்வுக்கு முதல் ஆளாகச் சம்மதம் கொடுத்தார்.

பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் அப்போது முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தனியாக வாழும் முதியவரின் வீட்டில் அறைக்கு ஒரு சென்சார், கதவில் ஒன்று, படுக்கைக்கு அடியில் ஒன்று. அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதைக் கணினி கற்றுக்கொள்ளும். வழக்கம் தவறினால் மகளுக்கும் எனக்கும் செய்தி அனுப்பும். மற்ற வீடுகளில் பெரியவர்கள் பெட்டியின் மேல் துணியைத் தொங்கவிடுவார்கள், சாமி படத்தை மாட்டுவார்கள். ஆப்பரேட்டர் அப்படியில்லை. தினமும் காலையில் ஒவ்வொரு பெட்டியிலும் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, நோட்டில் எழுதி, எனக்குப் போன் பண்ணுவார். “எல்லாம் ஓடுது பாப்பா.” ஆலையில் ஷிப்ட் மாற்றிக் கொடுப்பவரின் குரல் அது.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஆள் இருக்கும் வீட்டின் கதவைப் பகலில் சாத்துவதில்லை. சாத்தியிருந்தால் வீட்டில் யாரும் இல்லை என்று அர்த்தம். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி தெருவில் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்து, “பெரியப்பா, சாப்டாச்சா?” என்று கேட்பாள். குழம்பு கொண்டுவந்தால் கேட்காமலே அடுப்படி வரை போய் வைத்துவிட்டு வருவாள். அவள் பின்னாலேயே அவளுடைய கோழியும் வரும். என் கணினி பாவம், ஒரே நிமிடத்தில் ஆப்பரேட்டரை வாசலிலும் அடுப்படியிலும் நடமாடவிட்டது. எங்கள் தொழிலில் வேண்டாத தகவலுக்கு இரைச்சல் என்று பெயர். அந்த அக்கா என் கணக்கில் இரைச்சல்தான்.

ஆறு மாத வேலை வீணாகிறதே என்ற எரிச்சலில் ஒருநாள் அவரிடம் சொன்னேன். “ஐயா, பகல்லயும் கதவச் சாத்தி வைங்க. வெளியாளுங்க உள்ள வந்தா மெஷின் குழம்பிடுது.” தாழ்ப்பாள் போட வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றைக்கே அக்காவிடம், ஆராய்ச்சி நடக்குது, முடியிற வரைக்கும் உள்ளே வராதே என்று சொல்லிவிட்டார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். மறுவாரத்திலிருந்து தகவல்கள் கண்ணாடி போல வந்தன. என் நெறியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு முதல்முறையாக என்னைப் பாராட்டினார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் இல்லை.

அவர் விழுந்தது ஒரு திங்கட்கிழமை. பின்கட்டுக் குளியலறை வாசலில் வழுக்கிவிட்டது. நாற்பது நிமிடம் அசைவு இல்லாததைக் கண்டுபிடித்துக் கணினி சரியாகப் பத்து ஐம்பதுக்குச் செய்தி அனுப்பியது. மகள் வார்டில் இருந்தார், போன் அவருடைய அலமாரியில் இருந்தது. நான் பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நின்றேன், என் போனை அலுவலகத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு மணிக்கு வெளியே வந்துதான் பார்த்தேன். அவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு அடிக்கலாம் என்றால் அந்த அக்காவின் நம்பர் என்னிடம் இல்லை. என் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு இரண்டே இடம். ஒன்று பஹ்ரைன், ஒன்று பெரம்பலூர். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினேன்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகிவிட்டதாம், நான் போய்ச் சேர்ந்தபோதுதான் அவரை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். நினைவு இருந்தது. உதடு காய்ந்திருந்தது. அவர் கூப்பிட்டிருக்கிறார், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அந்தத் தெருவில் யாருக்கும் கேட்கவில்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அவள் தன் வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாளாம், பத்தடி தூரத்தில். “திங்கக்கெழம செறுவாச்சூர் கோயில் தொறக்குற நாளு, அங்க போயிருப்பாருன்னு நெனச்சேன். முன்னல்லாம் தொறந்திருந்தா இருக்காரு, சாத்தியிருந்தா இல்ல. இப்ப எந்நேரமும் சாத்தித்தானே கெடக்கு, நா எப்புடிக் கண்டேன்?” என்றாள். யாரையும் குற்றம் சொல்லிப் பேசவில்லை அவள். ஆனால் எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டு போட்டு முடித்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “மெசேஜ் வந்துச்சா?”

“வந்துச்சுங்க ஐயா. பத்து அம்பதுக்கு.”

“அப்ப மெஷின் கரெக்டாத்தான் ஓடியிருக்கு” என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த வலியிலும் அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

இரண்டு நாளில் மகள் வந்துவிட்டார். வந்ததும் கோபமாகத்தான் கேட்டார். “ஏம்ப்பா, பகல்ல எதுக்குக் கதவச் சாத்துனீங்க? தொறந்திருந்தா அக்கா பாத்திருக்கும்ல?” கட்டிலின் கால்மாட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு மகளிடம், “லாரித் தூசும்மா. மூச்சு முட்டுது. நாந்தான் சாத்துனேன்” என்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. என் பட்டம், என் ஆய்வு, என் மானம் எல்லாம் போய்விடும் என்று பயந்தேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. ஒரு மாதத்துக்குள் சளி நெஞ்சில் கட்டிப் போய்விட்டார்.

அடக்கத்தன்று மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “ஒங்க மெஷின் இல்லன்னா அன்னிக்கே யாருமில்லாம போயிருப்பாரு. ஒரு மாசமாவது பக்கத்துல இருந்தேன்” என்று அழுதார். நெறியாளரோ, ஆய்வுக் காலத்தில் உண்மையாகவே நடந்த ஒரு விழுதலைக் கருவி கண்டுபிடித்தது என்பதை ஆய்வேட்டின் உயிர்நாடி ஆக்கிவிட்டார். கதவைப் பற்றியும் ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். ‘வெளியாட்களின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது.’ அவ்வளவுதான். பொய் இல்லை. யார் கட்டுப்படுத்தியது என்று வாய்மொழித் தேர்வில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கைதட்டினார்கள்.

இப்போது நானே இரண்டு பேருக்கு நெறியாளர். போன மாதம் என் மாணவி ஒருத்தி ஆண்டிமடத்துப் பக்கம் ஒரு வீட்டில் எடுத்த தகவல்களைக் கொண்டுவந்து, “பக்கத்து வூட்டுக்காரங்க வந்து வந்து கெடுக்குறாங்க மேம், கதவச் சாத்தி வைக்கச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள். அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் நம்பரை முதலில் வாங்கு, அவர்கள் வந்துபோவதையும் கணினி கற்றுக்கொள்ளட்டும் என்றேன். அவள் போனபிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. நேற்று வந்த மாணவியிடம் சொல்ல முடிந்தது, சொல்லவேண்டியவரிடம் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை.

அன்று மாலையே மகளைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு வருடமும் அப்பாவின் திதிக்கு மறக்காமல் எனக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்புகிறவர் அவர். தூசு இல்லை, நான்தான் சாத்தச் சொன்னேன் என்று தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். நான் முடித்ததும் அவர், “பூட்டியிருந்துச்சா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. சும்மா சாத்தித்தான் இருந்துச்சு.”

“தள்ளுனா தொறந்திருக்குமா?”

“தொறந்திருக்குங்க.”

அவர் போனை வைத்துவிட்டார். போன வாரம் திதி. அவரிடமிருந்து செய்தி எதுவும் வரவில்லை.