அக்காவுக்கு ஒரு பருத்திக் குல்லா

தொண்ணூறுகளின் கடைசியில் அக்கா வைத்தியத்துக்காகத் திருவனந்தபுரம் வந்து என்னோடு தங்கினாள். எனக்குச் சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பக்கத்துச் சந்தில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தேன். அத்தான் நாகர்கோவில் பக்கம் வாழை போட்டிருந்தார். தோட்டத்தையும் பிள்ளைகளையும் விட்டு அவரால் வந்து தங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, கஞ்சி வைப்பது, வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவுவது எல்லாம் என் பாடு.

மருந்து ஏற்றத் தொடங்கிய சில வாரங்களில் அவளுக்கு முடி கொட்டிவிட்டது. சேலைத் தலைப்பால் மூடினால் பஸ் காற்றில் நழுவியது. பின்னல் தெரிந்தவள் என்பதால் கம்பளி நூல் வாங்கிவரச் சொல்லி ஒரு குல்லா பின்னிப் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் நான் வந்தபோது அது தரையில் கிடந்தது. தலை சிவந்து தடித்திருந்தது.

"அரிச்சுக் கொல்லுது மக்கா. கடை நூலே வேண்டாம். நாமளே பஞ்சுல நூத்தா என்ன?"

"அக்கா, நான் நாள் முழுக்க நின்னுட்டு வாறேன்."

"நீ உக்காந்துல்லா நூக்கப்போற?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் அவள் பள்ளிக்கூடத்தில் நூல் நூற்ற தக்ளியைக் கொண்டுவந்தார். ஒரு கம்பி, அதன் அடியில் பித்தளை வட்டு, அவ்வளவுதான். ஊசி ஏற்றியிருந்த கை வீங்கி அவளால் மேலே தூக்க முடியவில்லை. மடியில் வைத்துப் பின்னலாம். நூற்பது என் தலையில் விழுந்தது.

மெத்தைக் கடையில் கேட்டு முதலில் நான் வாங்கி வந்தது இலவம்பஞ்சு. அது முறுக்கில் நிற்காமல் வழுக்கிப் பறந்தது. என் மீசையிலும் கஞ்சிப் பானையிலும் போய் ஒட்டியது. வீட்டுக்கார சேச்சி எட்டிப் பார்த்து, "எந்தா இது, வீடு முழுவனும் பஞ்சாணல்லோ!" என்றாள். அந்த மாதத்தில் அக்கா சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு பருத்திப்பஞ்சு வந்தது. அக்கா அதைக் கையால் கோதி விரல் அளவு திரிகளாக உருட்டிக் கொடுப்பாள். நான் தேங்காய்ச் சிரட்டைக்குள் தக்ளியை நிறுத்திச் சுழற்றி மேலே இழுப்பேன். இழை அறும், ஒட்டுவேன், மறுபடி அறும். காலையில் கடைக்குப் போகுமுன் கொஞ்சம், வந்து குளித்தபின் கொஞ்சம். கடையில் துணி அளக்கும்போதே தோள் கடுக்கும். வாடிக்கையாளர் எதிரே நிற்கையில் கண் சொருகும்.

"இது நூலா, வாழைநாரா?" என்று ஒருநாள் அவள் முகம் சுளித்தாள்.

"அப்போ உன் மாப்பிள்ளையக் கூப்பிட்டு நூக்கச் சொல்லு," என்று எழுந்துவிட்டேன். சண்டை போடவும் இருவருக்கும் தெம்பில்லை. அவள் அந்த முண்டும் முடிச்சுமான நூலையே உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நானும் திரும்ப உட்கார்ந்தேன்.

நூற்றதை இரட்டை இழையாக முறுக்கி, முறுக்கு அவிழாமல் இருக்கத் தண்ணீரில் வேகவைத்தோம். பஞ்சின் அழுக்கு பழுப்பாகச் சாயம் மாதிரி இறங்கியது. காய்ந்ததும் நல்ல மெத்தென்று இருந்தது. அக்கா கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். மருந்து ஏற்றிய நாட்களில் பின்னல் ஊசியைத் தொடமாட்டாள்; தெளிந்த நாட்களில் ஒன்றிரண்டு வரிசை பின்னுவாள். மழைக்காலம் போய் வெயில் வந்துவிட்டது.

குல்லா முடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். அரிப்பே இல்லை என்றாள். பஸ் பாதி தூரம் போவதற்குள் சட்டென்று கழற்றி என் மடியில் போட்டாள்.

"என்னக்கா?"

"வெக்க தாங்கல. மண்ட வேவுது."

வெறுந்தலையோடு சன்னலோரம் சாய்ந்து காற்று வாங்கினாள். முன்சீட்டுப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அக்கா கண்டுகொள்ளவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. தோளை அமுக்கிக்கொண்டு கண்ணை மூடினேன். இறங்கும் இடம் வந்தபோது அவள்தான் எழுப்பினாள்.

அதன்பின் அவள் அதைப் போடவில்லை. மருந்து முடிந்து, தலையில் முடி முளை விட்டதும், அத்தான் வந்து ஊருக்கு அழைத்துப் போனார். குல்லாவை அவர்தான் விடியற்காலைப் பனியில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது மாட்டிக்கொண்டார். கிழியும்வரை போட்டார்.

"லே, நல்ல கெட்டி நூலு," என்று என்னிடம் சொன்னார்.

வேறொன்று நூற்றுத் தரச் சொல்வாரோ என்று பயந்து நான் பேச்சை வாழை விலைக்கு மாற்றினேன்.