வரவேற்புப் பத்திரமும் அண்ணனின் குரலும்

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

இன்று படையல் முடிந்து நீங்கள் இலைக்கு உட்காருவதற்கு முன், கூடத்தில் வைத்திருக்கும் கிராமபோன் பெட்டியில் ஒரு தட்டு சுழலும். அதில் பாட்டு இல்லை. நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைந்த என் அண்ணன் அவர்களின் குரல் இருக்கிறது. கூடப் பிறந்தவன் என்ற முறையில் அவருடைய வாழ்க்கையை இந்நினைவு மலரில் எழுதுவது என் கடமை. அந்தத் தட்டு எப்படி வந்தது, அதை எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்தக் கடமை நிறைவேறும்.

அண்ணன் நிபோங் திபாலில் ஒரு கரும்புத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தோட்டத்தில் கரும்பை அழித்து ரப்பர் நட்டுக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தகப்பனார் காய்ச்சலில் காலமானார். நான் அப்போது கைக்குழந்தை. அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணன் பினாங்குப் பட்டணத்துக்கு வந்து, கப்பல்களுக்குக் காய்கறி, முட்டை, சவுக்காரம் கொடுக்கும் கடை ஒன்றில் சேர்ந்தார். கப்பல் நங்கூரம் போட்டதும் சாம்பான் படகில் போய், கயிற்றேணியில் தொற்றி ஏறி, கப்பல் சமையற்காரரிடம் பேரம் பேசிச் சாமான்களைக் கொடுத்துவிட்டு வருவது அவர் வேலை. மழையும் அலையும் இருக்கும் நாட்களில் அம்மா சோறு உண்ணாமல் அவருக்காகக் காத்திருப்பார். பிற்பாடு அண்ணி வந்த பிறகு அவரும் அப்படியே காத்திருந்தார்.

அண்ணன் பள்ளிக்கூடம் போனவரல்லர். என்னை மட்டும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். எங்கள் குலத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு என்னா சொல்லிக் கொடுத்தாங்க, எனக்கும் ரெண்டு சொல்லு" என்று கேட்பார். சொல்வேன். அடுத்த நாள் அந்த இரண்டையும் ஏதாவது ஒரு கப்பலில் செலவழித்துவிட்டு வந்து, எது எடுபட்டது, எதைக் கேட்டுச் சமையற்காரன் சிரித்தான் என்று எனக்கு விவரம் சொல்வார்.

வியாபாரத்தில் அவர் நேர்மையானவர். முட்டைக் கூடையை இறக்கியதும் யாரும் கேட்காமலே நடுவிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்துக் காட்டுவார். "எக் குட். யூ நோ லைக், மீ டேக் பேக்" என்பார். பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். ஸ்காத்துலாந்துக்காரனும் நார்வேக்காரனும் சீனக் குசினிச் சமையற்காரனும் அதைப் புரிந்துகொள்வார்கள். அதே ஆங்கிலத்தில் அவர்களும் பதில் சொல்வார்கள்.

ஒரு நாள் அப்படி அவர் முட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது, அக்கப்பலில் வந்த ஆங்கிலேயர் ஒருவர் குசினி வாசலில் நின்று பேரம் முழுவதையும் கேட்டிருக்கிறார். கரைக்கு வந்ததும் அண்ணனை விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் இங்கிலாந்தில் ஒரு சர்வகலாசாலையில் ஆங்கில மொழியை ஆராய்கிறவர். துறைமுகம் துறைமுகமாகப் போய், பல தேசத்தார் தங்களுக்குள் ஆங்கிலத்தை எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று மெழுகு உருளையில் பதிவுசெய்கிறாராம். நான் இடையில் நின்று இருவர் பேச்சையும் மாற்றிச் சொன்னேன். "நீங்கள் தினமும் பேசுகிறபடி பேசினால் போதும்" என்று அவர் பலமுறை சொன்னார். நானும் அப்படியேதான் அண்ணனிடம் சொன்னேன். ஆனால் எங்களில் யாருடைய காதிலும் அது ஏறவில்லை.

ஏனென்றால், பினாங்கில் பெரிய மனிதர் ஒருவர் நம் தெருவுக்கு வந்தால் நாம் என்ன செய்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். மாலை, எலுமிச்சம்பழம், வரவேற்புப் பத்திரம். எங்கள் மாடி வீட்டுக்குக் கீழே காப்பிக்கடை வைத்திருக்கும் ஷேக் நானாவின் பெஞ்சில் அன்றே சபை கூடிவிட்டது. ஆபீஸ் குமாஸ்தாவான எதிர்வீட்டுக் கிராணியார் தலைமை வகித்தார்.

"தொரை நம்மளத் தேடி வந்திருக்காரு. 'எக் குட்டு'ன்னு சொல்லியா அனுப்புறது? லண்டன்ல பெரிய பெரிய படிப்பாளியெல்லாம் உக்காந்து கேப்பான். நம்ம மானம் கப்பலேறிடும்!" என்றார் கிராணியார்.

"எப்படியும் கப்பல்லதான கொண்டு போகப் போறாரு" என்றார் நானா, டீயை ஆற்றிக்கொண்டே.

"நானா, நீங்க சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். டீயத்தான் எல்லாரும் சும்மா குடிக்கப் பாக்குறாங்க லா."

அண்ணன் மட்டும் யோசனையாக இருந்தார். "தம்பி, அவரு தெனம் பேசுறத தான கேட்டாரு?" என்றார்.

"அவங்க மரியாதைக்கு அப்படித்தான் சொல்லுவாங்க. நாம மரியாதைக்கு வேற செய்யணும்" என்று கிராணியார் முடித்துவிட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பத்திரத்தைக் கிராணியாரும் நானும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதினோம். மாட்சிமை, பேரன்பு, கடல் கடந்து வந்த கல்விச் சூரியன் எல்லாம் அதில் இருந்தன. மெழுகு உருளை சிறிதாகையால் அவ்வளவும் அடங்காது என்று துரை சொல்லி அனுப்பியும், கிராணியார் ஒரு வரியையும் விட்டுக்கொடுக்க மறுத்தார். அண்ணனுக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்தார். சாம்பானில் போகும்போதும் வரும்போதும் ஒப்பித்திருக்கிறார். துடுப்புப் போடும் மலாய்க்காரருக்கே பாதி பாடமாகிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார்.

பதிவு செய்த பிற்பகல் எங்கள் மாடிக் கூடம் நிறைந்திருந்தது. அண்ணன் கிராணியாரின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலைப்பாகை கட்டி, பதிவுப் பொறியின் குழாய் முன்னே நின்றார். துரைக்கு மாலை போட்டோம். அவர் மாலையையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பொறியை முடுக்கினார்.

அடங்காத பத்திரத்தை அடக்குவதற்காக அண்ணன் ரயில் வேகத்தில் ஒப்பித்தார். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. ஆனால் அது அவர் குரலாகவே இல்லை. சமையற்கட்டில் இருந்த அண்ணி, "யாரு பேசுறது?" என்று கேட்டாராம். கடைசி வரியைச் சொல்லி முடித்ததும் கூடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு துரையிடம் திரும்பி, மலாய் வழக்கப்படி அவரைத் துவான் என்று கூப்பிட்டார்.

"துவான், ஃபினிஷ்? குட்? டீ டிரிங். நோ டிரிங், மை ஒய்ஃப் வெரி ஆங்கிரி." பிறகு சமையற்கட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தா, கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றார் அண்ணி உள்ளேயிருந்து.

"தொரைக்கு சீனிய அள்ளிப் போட்டுறாத. நானா கட டீன்னு நெனச்சுக்கப் போறாரு."

நானா உட்பட எல்லாரும் சிரித்தோம். துரை மட்டும் பொறியின் மேலிருந்து கையை எடுக்காமல் அசையாமல் இருந்தார். உருளை அப்போதும் சுழன்றுகொண்டிருந்தது.

டீ குடித்துவிட்டு, "உங்கள் பத்திரம் மிகவும் கௌரவமானது. ஆனால் என் ஆராய்ச்சிக்கு வேண்டியது அதற்குப் பிறகு நீங்கள் பேசியதுதான்" என்று அவர் என்னிடம் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணனின் முகம் வாடிவிட்டது.

"தண்ணியில போகையில வரையில எல்லாம் பாடம் பண்ணேனே தம்பி. சக்கைய எடுத்துக்கிட்டு சாற விடுறாரே?"

துரை பொறுமையாக விளக்கினார். பத்திரம் எழுதும் ஆங்கிலம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். ஒருவர் தம் பேச்சைப் பற்றி நினைக்காமல் பேசும்போது மொழி என்ன செய்கிறது என்பதைத்தான் எவரும் எழுதி வைக்கவில்லை என்றார்.

"நெனைக்காம பேசுறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு தொரை!" என்று அண்ணன் சிரித்தார். அத்தோடு விடவில்லை. துரை கப்பலேறிப் போன பிறகு அண்ணனுக்குப் பிறர் பேச்சைக் கவனிக்கும் ஆசை பற்றிக்கொண்டது. கப்பலுக்குப் போய்வந்தால் முட்டை விற்ற கதை பின்னால் வரும். முதலில் யார் என்ன சொன்னான் என்பது வரும். ஹொக்கியன் சீனப் படகுக்காரரும், மலாய்க்காரரும், நாமும், வேலை முடிந்தாலும் சோறு தீர்ந்தாலும் ஆள் செத்தாலும் 'ஃபினிஷ்' என்றே சொல்வது ஏன்? ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதா, எல்லாருக்கும் தனித்தனியே தோன்றியதா? யார் முதலில்? வாத்தியார்களைக் கேட்டேன். அவர்கள் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் அண்ணன் தாமே ஒரு முடிவு கண்டுபிடித்தார். "தம்பி, கவனிச்சுப் பாரு. வயிறு நெறஞ்சவன் 'நான்'னு ஆரம்பிப்பான். பசிச்சவன் 'சோறு'ன்னு ஆரம்பிப்பான். எந்த பாஷையா இருந்தாலும் இதான். தொரைக்கு எழுது."

எழுதினேன். துரை அக்கறையாகப் பதில் போட்டார். அந்த முடிவு சரியல்ல என்று காரணத்தோடு சொல்லிவிட்டு, உதாரணங்கள் மட்டும் நன்றாக இருப்பதாகவும் இன்னும் அனுப்பும்படியும் கேட்டிருந்தார். நான் தயங்கித் தயங்கிப் படித்துக் காட்டினேன். அண்ணன் அதை எடுத்துக்கொண்டு நேரே நானா கடைக்குப் போய்விட்டார்.

"நம்ம சொன்னது தப்புன்னு சீமையிலேருந்து எழுதியிருக்காரு!"

"தப்புங்குறதுக்கா இம்புட்டு சந்தோசம்?" என்றார் நானா.

"தப்புன்னு சொல்லணும்னா மொதல்ல உக்காந்து யோசிச்சிருக்கணும்ல, நானா."

அதன் பிறகும் அண்ணன் தம் முடிவைக் கைவிடவில்லை. நான் இப்போது உபாத்தியாயராக இருந்துகொண்டு, ஓய்வு கிடைக்கும்போது படகுத்துறையில் நின்று பேச்சுகளைக் கேட்கிறேன். அண்ணன் சொன்னது சில சமயம் சரியாக இருக்கிறது, சில சமயம் அடியோடு தவறாக இருக்கிறது. எப்போது சரி, எப்போது தவறு என்று இன்னும் பிடிபடவில்லை. அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையை அவரிடமிருந்துதான் பெற்றேன்.

சென்ற ஆண்டுக்கு முந்திய மழைக்காலத்தில் அண்ணனுக்குத் தொண்டையில் நோய் கண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தோம், நாட்டு வைத்தியமும் பார்த்தோம். குரல் கம்மி, பிறகு காற்றாகி, கடைசியில் முழுவதும் அடைத்துப்போனது. ஊரெல்லாம் பேசி வந்தவர் கையசைத்தே எல்லாம் கேட்டார். தலைமாட்டில் ஒரு தகரக் குவளை இருக்கும். தண்ணீர் வேண்டுமென்றால் அதைத் தட்டுவார். அண்ணி ஓடி வருவார். அப்படியே அமைதியாகப் போய்விட்டார். அவர்களுடைய குழந்தைக்கு அப்போது பேச்சு வராத வயது. தகப்பன் குரல் அதற்குத் தெரியாது.

தலைத்திவசத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போது அண்ணி என்னிடம் சொன்னார். "தம்பி, அவரு பேசினத நெனச்சுப் பாக்குறேன், அந்தக் கொவளைச் சத்தம்தான் காதுல வருது. கொரலு மறந்துபோச்சு."

அன்றே துரைக்கு எழுதினேன். மெழுகு உருளையைத் தட்டாக மாற்றி அனுப்புவதாக உடனே பதில் வந்தது. அண்ணியிடம் சொன்னபோது அவருக்கு முதலில் மகிழ்ச்சி வரவில்லை.

"எதத் தம்பி அனுப்புறாரு? பத்திரம் படிச்சதா? அது எனக்கு வேணாம். அது யாரோ கோட்டுப் போட்டவரு."

துரை தம் கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. நமக்கு மரியாதை செய்வதாக எண்ணிப் பத்திரத்தை மட்டும் எடுத்து, பின்னால் வந்த பேச்சை வெட்டிவிட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. அன்று நாம் செய்ததைத்தான் அவரும் செய்திருப்பார்.

தட்டு உடையாமல் வந்து சேர்ந்தது. நானா தம் கிராமபோனை மாடிக்குத் தூக்கி வந்தார். நான் ஊசியை வைத்தேன். வேகமாகப் பத்திரம் ஓடியது. அண்ணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். பத்திரம் முடிந்தது, கைதட்டல் கேட்டது. பிறகு வெறும் இரைச்சல். "அம்புட்டுத்தான் போல" என்று நானா ஊசியை எடுக்கக் கை நீட்டினார்.

அப்போதுதான் அண்ணன் பேசினார். துவான், ஃபினிஷ்?

சற்றுத் தூரத்திலிருந்து வந்தாலும் அது அவரேதான். சமையற்கட்டுப் பக்கம் திரும்பியதும் குரல் இன்னும் மெலிந்து, "இந்தா, கேக்குதா?" என்றது. அன்றைக்கு அண்ணி உள்ளேயிருந்து சொன்ன பதில் அவ்வளவு தூரத்திலிருந்து குழாயில் விழவில்லை. தட்டில் அவ்விடம் வெறுமையாக ஓடுகிறது.

அந்த வெறுமையில் அண்ணி, "கேக்குது" என்றார்.

உடனே தட்டிலிருந்து, சீனியை அள்ளிப் போடாதே என்று அண்ணன் சொன்னார். குழந்தை சிரித்தது. மறுபடியும் போட்டோம். மறுபடியும் அண்ணி அதே இடத்தில் பதில் சொன்னார்.

அண்ணனின் நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் உதவிய ஷேக் நானாவுக்கும் அவர் வீட்டாருக்கும், இறுதிச் சடங்கை முன்நின்று நடத்திய கிராணியாருக்கும், பூமாலையோடு கரைக்கு வந்து நின்ற சாம்பான்காரர்களுக்கும், கப்பல் குசினிகளிலிருந்து ஆறுதல் சொல்லி அனுப்பிய முகம் தெரியாத நண்பர்களுக்கும், கேட்டதும் தட்டை அனுப்பிய அந்த ஆங்கில அறிஞருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நிபோங் திபாலிலிருந்து காலை ரயிலில் புறப்பட்டு வந்திருக்கும் உறவினர்களுக்கும் எங்கள் வணக்கம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திரம் சற்று நீளம், கிராணியாருக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். கைதட்டல் கேட்டதும் முடிந்துவிட்டதென்று எழுந்துவிடாதீர்கள். இரைச்சல் கேட்கும், இருங்கள். அண்ணன் "கேக்குதா?" என்று கேட்கும் இடத்தில் அண்ணி பதில் சொல்வார்கள். அப்போது யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர்கள் பேசி முடிக்கட்டும், பிறகு சாப்பிடலாம்.