சைலன்சர் மாட்டியும் அடங்காத அன்னூர் கார்

சைலன்சர் தொழிலில் ஒரே ஒரு வசதி உண்டு: வாடிக்கைக்காரர் வருவது நாலு தெரு தள்ளியே கேட்டுவிடும், அவர் வந்து சேர்வதற்குள் டீயைக் குடித்து முடித்துவிடலாம். மற்றதெல்லாம் கரி, துரு, வாய்ச்சண்டை. பழைய காரை வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தொண்ணூறுகளில் ஊரெல்லாம் புதுசு புதுசாகச் சின்னக் கார்கள் வந்து இறங்கின. கணபதி ஏரியாவில் இருக்கிற என் பட்டறைக்கு மட்டும் கிழட்டு வண்டிகளாகத் தேடி வந்தன. அதில் ஒன்று என் கடை போர்டுக்கே உலை வைக்கப் பார்த்தது.

ஏணி வைத்திருந்தவர்

அன்னூர் சென்னியப்பன் வாழைத்தோட்டக்காரர். அவருடைய கறுப்புக் கார் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்தது. பட்டறைக்குள் நுழைந்தபோது ஆணியில் தொங்கிய ஸ்பானர்களெல்லாம் ஆடின. மகள் கவிதாவின் நிச்சயத்துக்கு அதில்தான் கோபிச்செட்டிபாளையம் போயிருக்கிறார். சத்தத்தில் மாப்பிள்ளை வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டது. "கல்யாணத்துக்காவது பொண்ண டாக்சில கூட்டிட்டு வாங்க" என்று மாப்பிள்ளையின் மாமா சபையில் வைத்துச் சிரித்துவிட்டார். கவிதாவோ அந்த வண்டியில் கார் ஓட்டப் பழகியவள். போனால் இதில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அடுத்தவனைப் பார்த்துச் சிரிக்கிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. லாரிப் பட்டறையில் ஸ்பானரால் அடி வாங்கித் தொழில் படித்தவன் நான். "உங்க வண்டி கோபிக்குள்ள சத்தமில்லாம போகும். போகலீன்னா கடை போர்டையே கழட்டிப்போடறேன்!" என்று கத்தினேன். சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "கழட்டறப்ப ஒரு வார்த்தை சொல்லியுடுங்க, தோட்டத்துல நல்ல ஏணி ஒண்ணு இருக்குதுங்க."

கழுத்து முறிந்த போல்ட்

ஓட்டை விழுந்த பழைய சைலன்சரைக் கழற்றப் போனால், என்ஜினோடு குழாய் சேரும் இடத்தில் நட்டெல்லாம் துருவேறி ஒட்டிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறப்போடலாம் என்றார் என் வெல்டர் பழனிச்சாமி. ஊறுகாயா போடுகிறோம் என்று எரிந்து விழுந்து, ஸ்பானரில் ஒரு நீளக் குழாயைச் செருகி ஒரே இழுப்பு இழுத்தேன். நட்டு பாதி போல்ட்டோடு கையில் வந்தது. மீதிப் பாதி என்ஜினுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அதைத் துளைபோட்டு எடுத்து முடிக்க விடிந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டே பழனிச்சாமி சொன்னார்: "ஊறப்போட்டிருந்தா அதுவும் தானா வந்திருக்கும், நாமளும் தூங்கியிருக்கலாமுங்க."

உக்கடத்துப் பேரம்

பின் அச்சைத் தாண்டி மேலே வளைந்து போகிற குழாய்தான் அடுத்த தலைவலி. புதுசாக எங்கும் கிடைக்காது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்ததில், காதர் பாய் கடையில் வளைவு ஏறக்குறையப் பொருந்துகிற ஒன்று அகப்பட்டது. சொன்ன விலையில் பாதியில் ஆரம்பிப்பது என் வழக்கம். அன்று இருந்த கடுப்பில் கால்வாசியில் ஆரம்பித்தேன். துரு என்றேன், ஓட்டை என்றேன், இதை எடைக்குப் போட்டால்கூட எவனும் வாங்கமாட்டான் என்றேன். கோபித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து, பாய் கூப்பிடாததால் நானே திரும்பி வந்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் பாய் நான் கேட்ட விலைக்கே குழாயைத் தூக்கிக் கொடுத்தார். ஜெயித்த பெருமையோடு தோளில் சாய்த்தபோது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "மொதலாளி, வண்டிக்கு சைலன்சர் மாட்டறதுக்கு முந்தி உங்க வாய்க்கு ஒண்ணு மாட்டிக்குங்க."

பட்டறையில் ஊமை, அன்னூரில் டங்கு டங்கு

புது சைலன்சரோடு அந்தக் குழாயையும் வண்டிக்கு மாட்டினேன். வண்டி பூனையாட்டம் போயிற்று. மறுநாளே அன்னூர் எஸ்டிடி பூத்திலிருந்து சென்னியப்பன் போன்: "பின்னால ஆரோ சுத்தியல்ல அடிக்கறாப்புல இருக்குதுங்க." ஓட்டிக்கொண்டு வந்தார். இங்கே சத்தமே இல்லை. குழாயைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்பைப் பார்த்தேன், அதைத் தொங்கவிடுகிற ரப்பரைப் பார்த்தேன், எல்லாம் சரி. வீட்டுக்குப் போனதும் மறுபடி போன், மறுபடி வந்தார், மறுபடியும் ஊமை. "சத்தம் வண்டில இல்லீங்க, உங்க காதுல!" என்று அனுப்பிவிட்டேன்.

கோபிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், பூ மார்க்கெட்டுக்கு வந்த கவிதா காரை நேராகப் பட்டறைக்கே ஓட்டி வந்தாள். முன்னால் ஒரு சித்தப்பா, பின்னால் பெரியம்மாவும் இரண்டு அத்தைகளும், டிக்கி நிறையச் சீர்ப் பாத்திரம். வாசல் மேட்டில் ஏறும்போதே டங்கென்றது. எல்லோரையும் இறக்கிவிட்டு நான் ஒரு சுற்றுப் போனேன், சத்தமில்லை. ஏற்றினேன், டங்கு. இறக்கினேன், இல்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பாரம் ஏறினால் வண்டி தாழ்கிறது, அதோடு தாழ்கிற குழாய் கீழே இருக்கிற அச்சில் போய் இடிக்கிறது. அன்னூரில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஓட்டிய சென்னியப்பன் இங்கே ஒவ்வொரு தடவையும் தனியாக வந்தார், நானும் காலி வண்டியிலேயே மாட்டி, காலி வண்டியிலேயே ஓட்டிப் பார்த்தேன். நம் பக்கத்தில் எந்தக் கார்தான் காலியாகப் போயிருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்! சந்தேகம் தீர, "ஏறுங்க! எறங்குங்க!" என்று இன்னொரு முறை கத்தியபோது பெரியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்: "புள்ளையாருக்குக்கூட இத்தனை தோப்புக்கரணம் போட்டதில்ல சாமி!"

பாரத்தோடு முறுக்கிய கிளாம்பு

அடியில் நின்று வேலை பார்க்கப் பட்டறையில் வெட்டியிருந்த பள்ளத்தின் மேல் காரை நிறுத்தி, எல்லோரையும் உள்ளே உட்காரவைத்து, டீக்கடைக்காரரையும் கெஞ்சி ஏற்றிவிட்டு, நான் அடியில் இறங்கினேன். கிளாம்புகளைத் தளர்த்தி, குழாயை அச்சிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்து, அப்படியே முறுக்கினேன். மேலே அவர்கள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். ஆச்சா, எறங்கலாமா என்று பெரியம்மா கேட்க, கவிதா ஜன்னல் வழியே எட்டிப்பார்த்துக் கத்தினாள்: "அண்ணா, எறங்கச் சொல்லிப்போடாதீங்க, பெரியம்மா எறங்குனா பாதி வண்டி எறங்குன மாதிரி!"

மண்டப வாசலில்

"வாக்குக் குடுத்தவரு கூட வரோணுங்க" என்று சென்னியப்பன் என்னையும் காரில் திணித்துவிட்டார். நான் பாரத்தில் சேர்த்துக்கொள்ளாத ஒரே ஆள் நான்தான். சத்தியமங்கலம் தாண்டிக் கோபி வரை ஒவ்வொரு குழிக்கும் நான் பின்பக்கம் திரும்பிக் காதைக் கொடுத்தேன். வண்டி வாயைத் திறக்கவில்லை. நெல்வயல்களைக் கடந்து மண்டப வாசலில் போய் நின்றபோது அங்கே வரவேற்க ஒரு ஆள் இல்லை. நாயனக்காரர்கள் டீக்கடையில், ஆரத்தித் தட்டு சமையல்கட்டில். கவிதா கதவைத் திறந்து தானே இறங்கி நின்று சிரித்தாள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார் அன்றைக்குச் சிரித்த அதே மாமா: "ஏனுங்க, பொண்ணு வண்டி இப்படித் திருட்டுத்தனமா வந்தா நாங்க என்னத்தைக் கண்டோம், ஆரனாவது அடிக்கக் கூடாதுங்களா?"

போர்டு இன்னும் மேலேயேதான் இருக்கிறது, சென்னியப்பன் கொடுத்தனுப்பிய ஏணியில் ஏறித்தான் அதற்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறேன், கணபதியில் இப்போது சைலன்சர் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பது நான் ஒருத்தன் மட்டும்தான்.